சொந்தமாகக் கட்டிய சிறு விமானத்தில் வால் சக்கரம் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

இது யாருக்கான வழிகாட்டி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்ஃபாக்ஸ் மாதிரியோ, பைப்பர் கப் வடிவத்தைப் பின்பற்றிய கிட் மாதிரியோ, எஃகுக் குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்தி, வாலில் பட்டை ஸ்பிரிங் வைத்த இலகு விமானம் வைத்திருப்பவர்களுக்கு. 6 அங்குலக் கெட்டி ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, முழுவட்டமும் சுழலக்கூடிய 8 அங்குலக் காற்றுச் சக்கரம் போடுவதுதான் வேலை. மால், மாட்கோ, ஸ்காட் 3200 என்று எந்த வகையை வாங்கினாலும் படிகள் ஒன்றுதான். வான்ஸ் ஆர்வி வரிசையில் பட்டைக்குப் பதில் உருண்டைக் கம்பி இருக்கும். அங்கே பிராக்கெட் பொருத்தும் முறை வேறு. எடைக் கணக்கு, சங்கிலி, சோதனை ஓட்டம் எல்லாம் அப்படியே பொருந்தும்.

போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) புதியவர்கள் தடுமாறுவது அதில் இல்லை, அதற்கு முன்னால் செய்யாமல் விட்ட அளவெடுப்பில்தான். அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இங்கே ஐந்து பிரிவுகள் இருக்கின்றன. தாண்டிப் போக வேண்டாம்.

1. எதற்காக மாற்றுகிறீர்கள்?

புல்வெளியில் சிறிய சக்கரம் புதைகிறது, பள்ளத்தில் இடித்து வால் அதிர்கிறது என்றால் பெரிய காற்றுச் சக்கரம் சரியான மருந்து. ஹேங்கருக்குள் திருப்ப வேண்டியிருக்கிறது, பழைய சக்கரம் பாதிக்கு மேல் திரும்ப மறுக்கிறது என்றால் முழுவட்டச் சக்கரம் சரியான மருந்து.

ஆனால் பலர் வாங்குவது ஷிம்மிக்காக. ஓடும்போது சக்கரம் இடமும் வலமும் வெறிபிடித்த மாதிரி உதறி, பெடல் வரைக்கும் தடதடக்கும் அந்த உதறலுக்கு, புதுச் சக்கரம் பெரும்பாலும் மருந்தில்லை. பட்டை ஸ்பிரிங் தளர்ந்து கிங்பின்னின் சாய்வு கெட்டிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த சக்கரமும் அங்கே போய் அதே ஆட்டம் ஆடும். கொஞ்ச நாள் அடங்கியதுபோல் இருக்கும், ஏனென்றால் புதுச் சக்கரத்தில் உராய்வு அதிகம். உராய்வு தேய்ந்ததும் பழைய கதை.

எப்போதும் தார்த்தளத்திலேயே இறங்குபவர், உதறலும் இல்லை என்றால், என்னைக் கேட்டால் மாற்றவே வேண்டாம். கெட்டி ரப்பர் பஞ்சர் ஆகாது, எடையும் குறைவு.

2. கிங்பின் கோணத்தை அளந்துவிடுங்கள்

சக்கரம் இடம் வலமாகத் திரும்புகிறதே, அந்த அச்சுதான் கிங்பின். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேல்முனை விமானத்தின் முன்பக்கம் சாய்ந்திருந்தால் ஆபத்து. செங்குத்தாகவோ, மேல்முனை சற்றே பின்னால் சாய்ந்தோ இருந்தால் நல்லது. காரணம் இதுதான்: அச்சுக் கோடு தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் அடங்கிப் பின்தொடரும். மேல்முனை முன்னால் சாயும்போது இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைத் தள்ளுவண்டியில் ஒற்றைச் சக்கரம் படபடவென்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டம்தான் இங்கே விமானத்தின் எடையோடும் வேகத்தோடும் நடக்கிறது.

பட்டை ஸ்பிரிங் வளைவை இழந்து தட்டையாகும்போது அதன் பின்முனை மேலே போகிறது. கூடவே பிராக்கெட்டும் திரும்பி, கிங்பின்னின் தலை முன்னால் வருகிறது. கட்டிய புதிதில் வராத உதறல் சில வருடம் கழித்து வருவதற்கும், பின்னால் மூட்டை ஏற்றினால் மட்டும் வருவதற்கும் இதுதான் காரணம்.

அளப்பது சுலபம். ஆனால் பாரத்தோடு அளக்க வேண்டும். சமதளத் தரையில் விமானத்தை நிறுத்தி, வழக்கமாக ஏற்றும் மூட்டையைப் பின்னால் வைத்து, சீட்டில் உங்கள் எடையுள்ள ஒருவரை உட்கார வையுங்கள். வால் சக்கரத்தை நேராக விடுங்கள். கிங்பின் தெரியும் பக்கமாக ஒரு நேரான இரும்புச் சட்டத்தை அச்சுக்கு இணையாகப் பிடித்து, டிஜிட்டல் கோணமானியை ஒட்டுங்கள். அது இல்லையென்றால் பக்கத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுத்தாலே சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். காலி விமானத்தில் அளந்து "செங்குத்தாகத்தான் இருக்கிறது" என்று திருப்திப்படுபவர்கள்தான் அதிகம். அந்த எண்ணால் பயனில்லை.

பின்சாய்வும் அளவோடுதான் வேண்டும். அதிகமானால் சக்கரம் ஒரு பக்கமாகச் சரிந்து விழப் பார்க்கும், திருப்புவதும் கனமாகும். சக்கரம் செய்தவர் ஏதாவது எண் கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முன்சாய்வு தெரிந்தால் மூன்று வழி. பட்டையை ஸ்பிரிங் கடையில் கொடுத்து மறுபடி வளைப்பது, புதுப் பட்டை வாங்குவது, பட்டைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஆப்பு வைப்பது. பிராக்கெட் பட்டைக்குக் கீழே உட்காரும் அமைப்பில், ஆப்பின் தடித்த முனை பின்பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் சாய்வு இன்னும் கெடும். ஆப்பு சின்னத் திருத்தத்துக்குத்தான். தொய்ந்துபோன பட்டையை ஆப்பால் காப்பாற்ற நினைக்க வேண்டாம். பட்டையை நீங்களே டார்ச் வைத்துச் சூடாக்கி வளைப்பது கூடவே கூடாது. ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும்.

3. பட்டையில் வெடிப்பு பாருங்கள்

எப்படியும் கழற்றப் போகிறீர்கள். ஆனால் சக்கரம் ஆர்டர் செய்வதற்கு முன்பே பட்டையின் நிலைமை தெரிந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் வரவழைக்கலாம்.

வெடிப்பு வரும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான்: போல்ட் துளையின் ஓரம், உடற்பகுதிக்கு அடியில் பட்டையைக் கவ்வும் கிளாம்பின் விளிம்பு, ஒரு பட்டையின் மீது அடுத்த பட்டையின் நுனி அழுந்தும் கோடு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சாய ஊடுருவல் சோதனைக்கான மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள் கொண்ட செட் கிடைக்கும். சுத்தம் செய்வது ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெடிப்பிலிருந்து சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பொடி ஒன்று. வெடிப்பு இருந்தால் வெள்ளையில் மயிரிழையாகச் சிவப்புக் கோடு எழும். அப்படி ஒரு கோடு தெரிந்தால் அந்தப் பட்டை பழைய இரும்பு. வெல்டிங் வைத்து ஒட்டுவது என்ற பேச்சே வேண்டாம்.

பட்டையின் அகலத்தையும் இப்போதே வெர்னியரில் எடுத்துவிடுங்கள். 1¼ அங்குலமும் 1½ அங்குலமும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். பிராக்கெட்டுகள் பட்டையின் அகலத்துக்கு ஏற்ப வருவதால், தவறான அளவில் வாங்கினால் சக்கரம் பெட்டியிலேயே கிடக்கும். துளையின் விட்டம், பட்டையின் முனையிலிருந்து துளை எவ்வளவு தூரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எஃகில் சாதாரண டிரில் பிட் வழுக்கிக்கொண்டு நிற்கும், துளையை நகர்த்துவது பட்டையின் பலத்தையும் கெடுக்கும். துளைக்கு ஏற்ற பிராக்கெட்டைத் தேடுங்கள்.

4. எடை, ஈர்ப்பு மையம்

வாலில் ஏறும் ஒரு கிலோ, மூக்கில் ஏறும் ஒரு கிலோ மாதிரி கிடையாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் விமானத்தின் எண்களை வைத்துப் போடுங்கள்.

காலி எடை 330 கிலோ. ஈர்ப்பு மையம் அடிக்கோட்டுக்கு (எல்லாத் தூரத்தையும் அளக்கத் தொடங்கும் கோடு) பின்னால் 300 மி.மீ. வால் சக்கரம் அடிக்கோட்டுக்குப் பின்னால் 4,100 மி.மீ. புதுச் சக்கரம் பழையதைவிட 1.5 கிலோ அதிகம். அப்படியானால் நகர்வு: 1.5 × (4,100 − 300) ÷ 331.5. கிட்டத்தட்ட 17 மி.மீ. பின்னால் போகிறது. அனுமதிக்கப்பட்ட எல்லையின் மொத்த அகலம் 150 மி.மீ. என்றால், ஒன்பதில் ஒரு பங்கு ஒரே சக்கரத்தில் போய்விட்டது.

அதை ஈடுகட்ட 5 கிலோ பேட்டரியை எவ்வளவு முன்னே தள்ள வேண்டும்? 5,700 ÷ 5, அதாவது 1,140 மி.மீ. சின்ன விமானத்தில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? இன்னொன்று: எஞ்ஜின் பக்கம் இருந்த ஈய அமில பேட்டரியை எடை குறைக்கிறேன் என்று லித்தியமாக மாற்றியவர்கள், ஏற்கெனவே மையத்தைப் பின்னால் தள்ளிவிட்டவர்கள். இரண்டு மாற்றங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

காலி விமானத்தின் எண்ணோடு நிற்க வேண்டாம். முழு மூட்டை, கனமான பயணி, தீரப்போகும் எரிபொருள் என்று உங்கள் விமானத்தில் மையம் மிகப் பின்னால் போகும் நிலைமைக்கும் போட்டுப் பாருங்கள். பின் எல்லையைத் தாண்டிய விமானம் ஸ்டால் ஆவதும் (இறக்கை தூக்குவிசையை இழப்பதும்) சுலபம், ஸ்பின்னிலிருந்து (சுழன்று விழுவதிலிருந்து) மீள்வதும் கடினம். கணக்கு எல்லைக்கு அருகில் நின்றால், வேலை முடிந்தபின் தராசில் ஏற்றி எடை போடுவதுதான் சரி.

பெரிய சக்கரத்தால் வால் உயர்ந்து, மூன்று சக்கரத்தில் நிற்கும்போது மூக்கின் நிமிர்வு குறைந்துவிடுமே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. ஆரம் 1 அங்குலம்தான் கூடுகிறது. சக்கரங்களுக்கு இடையே 4 மீட்டர் என்றால் அது அரை டிகிரிக்கும் குறைவு. விட்டுவிடுங்கள்.

5. காகித வேலை

அமெரிக்காவில் அமெச்சூர் கட்டுமானமாகப் பதிவான எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் இந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் நிலைமைச் சோதனையில் கையெழுத்துப் போடத்தான் அந்த விமானத்துக்கான ரிப்பேர்மேன் சான்றிதழோ ஏ அண்ட் பி (விமான மெக்கானிக்) உரிமமோ தேவை. பெரிய மாற்றம் என்று எதைக் கருத வேண்டும், அப்படிக் கருதினால் எத்தனை மணி நேரம் சோதனைப் பறத்தல் என்பது உங்கள் விமானத்துக்கு எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) கொடுத்த இயக்க வரம்புகள் தாளில் இருக்கும். வேலைக்கு முன் அதை எடுத்துப் படியுங்கள். பிரிட்டனில் எல்ஏஏ (இலகு விமானச் சங்கம்) பார்வையில் இருக்கும் விமானமென்றால் மாற்றத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அங்கே முதலில் மாட்டிவிட்டுப் பிறகு கேட்பது நடக்காது.

6. முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

விமானத் தரத்திலான புதிய ஏஎன் போல்ட்டுகள், நட்டுகள், தடித்ததும் மெல்லியதுமாக வாஷர்கள், காட்டர் பின்கள் (நட் கழலாமல் தடுக்கும் மடக்குக் கம்பிகள்). பழைய போல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போட வேண்டாம். வால் சக்கரத்தின் போல்ட் ஒவ்வொரு இறக்கத்திலும் அடி வாங்கியது. காட்டர் பின் ஒருமுறை மடக்கினால் அவ்வளவுதான்.

அங்குல-பவுண்டில் படிக்கும் டார்க் (முறுக்கு விசை) ரெஞ்ச். காருக்கான பெரிய ரெஞ்சின் கீழ்முனையில் இந்த எண்களை நம்ப முடியாது. அப்புறம் ரட்டரையும் (வாலின் செங்குத்துத் திருப்புப் பலகை) வால் சக்கரத்தையும் இணைக்கும் அமுக்கு ஸ்பிரிங்குகளும் சங்கிலியும் புதிதாக ஒரு செட், கிரீஸ் கன், சேஃப்டி வயர், கோணமானி, டார்க் பெயின்ட் ஒரு குப்பி. கழற்றுவதற்கு முன் பழைய அமைப்பை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலியில் எத்தனை கண்ணி, எந்தப் பக்கம் எந்த ஸ்பிரிங் என்பதெல்லாம் மறந்துபோகும்.

7. வாலைத் தூக்கி நிறுத்துவது

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுங்கள். இக்னிஷன் அணைத்து, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அளவு விமானத்தில் வாலை இருவர் தூக்கிவிடலாம். எங்கே கை வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். வாலின் கிடைச் சிறகான ஸ்டெபிலைசரின் நுனியையோ அதன் தாங்கு கம்பிகளையோ பிடித்துத் தூக்கக் கூடாது. அவை பறக்கும்போது வரும் பாரத்துக்காகச் செய்தவை; ஒரு மனிதன் ஒற்றைக் கையால் இழுக்கும் பாரம் தவறான இடத்தில், தவறான திசையில் விழும். உடற்பகுதியின் அடிக்குழாய்கள் சேரும் சந்தியில், பட்டையின் முன்முனைக்குச் சற்று முன்னால் பிடித்துத் தூக்குங்கள். மெத்தை சுற்றிய மர ஸ்டாண்டை அந்தச் சந்திக்குக் கீழே வையுங்கள். சந்திகளுக்கு நடுவே தாங்கினால் குழாய் வளையும்.

சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பினால் போதும். வாலை வேண்டியதற்கு மேல் தூக்கினால் பாரம் முன்னால் போய் மூக்குக் குத்தும். ஸ்டாண்டோடு வாலைக் கட்டிவையுங்கள். ஹேங்கர் கதவு திறந்திருந்தால் ஒரு காற்று வீச்சில் வால் ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும்.

8. கழற்றுதல்

முதலில் சங்கிலிகள், அப்புறம் பிராக்கெட். மாற்றிச் செய்தால் கனமான சக்கரம் சங்கிலியில் தொங்கி ரட்டர் ஹார்னை (சங்கிலி மாட்டும் ரட்டரின் கை) இழுக்கும். ரட்டருக்குப் பூட்டுப் போட்டுவிடுங்கள்.

நட் வராவிட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். போல்ட்டைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றும்போது துளையின் விளிம்பு பிதுங்கும். பித்தளைக் கம்பி வைத்து அடியுங்கள். வெளியே வந்த போல்ட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். தண்டில் படி விழுந்த மாதிரித் தேய்மானம் இருந்தால், பிராக்கெட் இத்தனை நாள் ஆடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். துளையும் முட்டை வடிவமாகியிருக்கலாம். அப்படியானால் இந்தப் பட்டையில் புதுச் சக்கரம் போடக் கூடாது.

9. பிராக்கெட் பொருத்துதல்

பட்டையின் மேல் பெயின்ட் தடிமனாக இருந்தால் பிராக்கெட் உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டி எடுங்கள். பெயின்ட்டின் மேல் இறுக்கினால், நாளடைவில் பெயின்ட் நசுங்கி இறுக்கம் போய்விடும். வெறும் எஃகு துரு பிடிக்காமல் இருக்க மெல்லிய ப்ரைமர் ஒரு பூச்சு போதும்.

ஆப்பு வைப்பதென்றால் இப்போது வையுங்கள். எல்லாவற்றையும் விரலால் இறுக்கும் அளவுக்கு மட்டும் மாட்டி, வாலை இறக்கி, பிரிவு 2-இல் சொன்ன அதே பாரத்தோடு கோணத்தை மறுபடி அளங்கள். சரியாக வந்த பிறகுதான் டார்க். பலர் முழுதும் இறுக்கி, காட்டர் பின் மடக்கி, சங்கிலி எல்லாம் மாட்டிய பிறகு கோணம் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, ஓட்டிப் பார்ப்போம்" என்று விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்கச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு இடம் கொடுக்காத வரிசை இது.

போல்ட்டின் தலை மேலே, நட் கீழே இருக்க வேண்டும். நட் எப்படியோ கழன்று விழுந்தாலும் போல்ட் துளையிலேயே நிற்கும். போல்ட்டின் மழமழப்பான தண்டுதான் பட்டைக்குள் இருக்க வேண்டும். திருகுப் பகுதி துளையின் சுவரில் உரசக் கூடாது. நீளம் சற்றுக் கூடினால் வாஷரால் சரிசெய்யுங்கள்.

டார்க் அளவைச் சக்கரம் செய்தவர் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். இல்லாவிட்டால் எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி அட்டவணை: கால் அங்குல நுண்திருகு போல்ட்டுக்கு 50 முதல் 70 அங்குல-பவுண்டு, 5/16-க்கு 100 முதல் 140, 3/8-க்கு 160 முதல் 185. இவை எண்ணெய் படாத திருகுக்கு. தானே இறுகும் நட் என்றால், அது சும்மா சுற்றும்போதே எடுக்கும் உராய்வு டார்க்கை அளந்து மேலே கூட்டிக்கொள்ளுங்கள்.

கோட்டை நட்டில் (காட்டர் பின்னுக்காக விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்) துளை நேராக வராதபோது இன்னும் கொஞ்சம் முறுக்கி நேராக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. வாஷரை மாற்றுங்கள். தடித்ததுக்குப் பதில் மெல்லியது, மெல்லியதுக்குப் பதில் தடித்தது. துளை தானாக நேருக்கு வரும்.

முடிந்ததும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே டார்க் பெயின்ட்டில் ஒரு கோடு இழுங்கள். நகர்ந்தால் அடுத்த சோதனையில் கண்ணுக்குத் தெரியும்.

10. சங்கிலியும் ஸ்பிரிங்கும்

சக்கரத்துக்குச் செலவழித்த கவனத்தில் பாதியைக்கூட இங்கே யாரும் செலவழிப்பதில்லை. விமானம் தரையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தீர்மானிப்பது பெரிய அளவில் இதுதான்.

முதலில் ஸ்பிரிங் வகை. அமுக்கு ஸ்பிரிங்கையே போடுங்கள். சங்கிலி இழுக்கும்போது உள்ளே இருக்கும் கம்பிக் கொக்கிகள் ஸ்பிரிங்கை நசுக்கும். ஸ்பிரிங் உடைந்தாலும் கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், திருப்பும் வசதி முழுதும் போகாது. இழு ஸ்பிரிங் என்றால் நீண்டு தொய்யும், உடைந்தால் அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது கைகளின் அகலம். ரட்டர் ஹார்னின் இரு முனைகளுக்கு இடையிலான அகலத்தையும் சக்கரத்தின் திருப்பு கையின் அகலத்தையும் அளங்கள். சக்கரத்தின் கை குறுகலாக இருந்தால், ரட்டர் திரும்புவதைவிடச் சக்கரம் அதிகம் திரும்பும். தரையில் மெதுவாக ஓட்டும்போது சுறுசுறுப்பாகத் தெரியும். இறங்கும் வேகத்தில் அது மூக்கை அங்குமிங்கும் துள்ள வைக்கும். வேறு சக்கரம் வாங்கும்போது பலர் பார்க்காமல் விடும் அளவு இது. அகலமான கை தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

மூன்றாவது, இறுக்கம். ரட்டர் நடுவில், சக்கரம் நேராக, வால் தரையில். இந்த நிலையில் சங்கிலி தொங்கவும் கூடாது, ஸ்பிரிங் அமுங்கவும் கூடாது. கையால் சங்கிலியைத் தட்டினால் லேசாக ஆட வேண்டும். ஏன் இவ்வளவு லேசு? பக்கக்காற்றில் இறங்கும்போது ரட்டரை மிதித்தபடிதான் வால் தரையைத் தொடும். இறுக்கமான சங்கிலியென்றால் சக்கரம் கோணலாகத் தரையைத் தொட்டு, வாலை ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். இன்னொரு காரணமும் உண்டு: இரு பக்கமும் இறுகக் கட்டியிருந்து ஒரு பக்கம் அறுந்தால், மறுபக்க ஸ்பிரிங் ரட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

சங்கிலியை மாட்டும் எஸ் கொக்கிகளை இடுக்கியால் முழுதும் மூடுங்கள். ஒரு மி.மீ. வாய் திறந்திருந்தாலும் மேடுபள்ளத்தில் கண்ணி அதன் வழியாக நழுவும். திருகு மூடியுள்ள கொக்கி போட்டால் சேஃப்டி வயர் கட்டுங்கள். கை முனையில் சுழலும் போல்ட்டுகளுக்குக் கோட்டை நட்டும் காட்டர் பின்னும்தான். சுழலும் இடத்தில் நைலான் நட் தளர்ந்து வரும்.

11. தரையில் ஒரு சோதனை, தூக்கி ஒரு சோதனை

வால் தரையில் இருக்கும்போது ரட்டரை இரு பக்கமும் முழுதாக மிதித்துப் பாருங்கள். ரட்டர் தன் ஸ்டாப்பில் போய் முட்ட வேண்டும். அதற்கு முன்பே சங்கிலியோ சக்கரத்தின் கையோ தடுத்தால், பறக்கும்போது உங்களுக்கு முழு ரட்டர் இல்லை.

இப்போது வாலைத் தூக்கி அதையே மறுபடி செய்யுங்கள். பாரம் போனதும் பட்டை கீழே தொங்கும், ரட்டர் ஹார்னுக்கும் சக்கரத்தின் கைக்கும் இடையே உள்ள தூரம் மாறும். தரையில் தளர்வாக இருந்த சங்கிலி இங்கே விறைத்து நிற்கலாம். விமானம் பறப்பது இந்த நிலையில்தான். விறைத்தால் ஒரு கண்ணியைக் கூட்டுங்கள்.

தூக்கியபடியே சக்கரத்தைக் கையால் திருப்பி, சக்கரத்தை ரட்டரோடு சேர்த்துப் பிடிக்கும் உள்பூட்டிலிருந்து எந்தக் கோணத்தில் விடுபடுகிறது, இரு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். முழு வட்டம் சுற்றவிடுங்கள். டயரோ ஃபோர்க்கோ ரட்டரின் அடிவிளிம்பைத் தொடுகிறதா? 8 அங்குலச் சக்கரத்தில் இது நடக்கும். தரையில் பாரத்தோடு பட்டை அமுங்கும்போது இடைவெளி இன்னும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேராக விட்டதும் 'டக்' என்று திரும்பப் பூட்டிக்கொள்ள வேண்டும். இழுத்தடித்துப் பூட்டினால் செய்தவரின் தாளைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். கிரீஸும் அந்தத் தாளில் சொன்ன இடத்தில், சொன்ன அளவுதான். நிறைய அடித்தால் நல்லது என்று நினைத்து உராய்வுத் தட்டுகளுக்குள் கிரீஸை ஏற்றிவிட்டால், உதறலை அடக்கும் உராய்வை நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

12. ஓட்டிப் பார்த்தல்

காற்றில்லாத காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நடை வேகத்தில், இரு பக்கமும் வட்டமடித்து, சக்கரம் விடுபடுவதையும் திரும்பப் பூட்டுவதையும் பாருங்கள். இறங்கி வந்து சங்கிலியை ஒரு பார்வை. அப்புறம் கொஞ்சம் வேகம் கூட்டி நேர்கோட்டில்.

புல்லில் மட்டும் ஓட்டிவிட்டு எல்லாம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். புல் உதறலை மறைத்துவிடும். தார்த்தளத்தில் ஓட்டினால்தான் உண்மை தெரியும்.

உதறல் வந்தால் அப்படியே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பவரைக் குறைத்து, மெதுவாக பிரேக் பிடித்து நிறுத்துங்கள். சில விநாடி உதறலே போல்ட்டைத் தளர்த்தும், பட்டையில் வெடிப்பை ஆரம்பித்துவைக்கும். நின்றதும் இந்த வரிசையில் பாருங்கள்: டயரின் காற்று, அச்சு போல்ட்டிலும் பேரிங்கிலும் ஆட்டம், சங்கிலியின் தளர்ச்சி, கிங்பின் கோணம், கடைசியாகத்தான் உள்ளேயிருக்கும் உராய்வு. நிறையப் பேர் கடைசியில் ஆரம்பித்து, சக்கரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, கோணம் பக்கமே வருவதில்லை.

முதல் பறத்தலில் தனியாகப் போங்கள், மூட்டை வேண்டாம். எலிவேட்டர் டிரிம் (மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு) வழக்கமான இடத்திலிருந்து மாறியிருந்தால் அது பிரிவு 4-இன் கணக்கு பேசுவது. முதல் இறக்கங்கள் நேர்க்காற்றில், நீளமான ஓடுதளத்தில். பக்கக்காற்றுப் பயிற்சி, சக்கரத்தின் குணம் காலுக்குப் பழகிய பிறகு.

13. பின்னர் பார்க்க வேண்டியவை

முதல் பறத்தல் முடிந்ததும் டார்க் பெயின்ட் கோடுகளைப் பாருங்கள், பிராக்கெட் போல்ட்டின் டார்க்கை மறுபடி சோதியுங்கள். புதுப் பிராக்கெட் பட்டையில் அழுந்தி உட்கார்ந்து இறுக்கம் குறைவது சகஜம். அதற்குப் பிறகு ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் பார்த்தால் போதும். வருடாந்தரச் சோதனையில் பாரத்தோடு கோணத்தையும் அளந்து எழுதிவையுங்கள். பட்டை தளர ஆரம்பிப்பது உதறல் வருவதற்கு முன்பே அந்த எண்ணில் தெரியும்.

ஹேங்கருக்குள் பின்னோக்கித் தள்ளும்போது ரட்டர் பூட்டோடு நேராகத் தள்ளாதீர்கள். சக்கரம் திரும்பப் பார்க்கும், பூட்டு விடாது, எல்லா விசையும் சங்கிலி வழியாக ரட்டர் ஹார்னுக்குப் போகும். ரட்டரை விடுவித்து, வாலை ஒரு பக்கம் தள்ளிச் சக்கரம் விடுபட்டதும் பின்னோக்கித் தள்ளுங்கள்.

லாக் புத்தகத்தில் எழுத வேண்டியவை: தேதி, பறந்த மொத்த மணி நேரம், கழற்றிய சக்கரமும் போட்ட சக்கரமும், இரண்டின் எடை, போல்ட் அளவுகளும் டார்க்கும், ஆப்பு வைத்திருந்தால் அதன் கோணம், பாரத்தோடு அளந்த கிங்பின் சாய்வு, புதிய காலி எடையும் ஈர்ப்பு மையமும். விமானத்தில் வைத்திருக்கும் எடைத் தாளையும் அன்றே மாற்றிவிடுங்கள்.